ஐந்தடி வழியும் அரசிதழும்

அண்மையில் சென்னையிலிருந்து வந்திருந்த இரண்டு எழுத்தாள நண்பர்களுக்குச் சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எங்களுக்கு வாய்த்தது. நாங்கள் என்பது, மாதம் ஒரு சனிக்கிழமை கூடி, படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசி, காப்பி குடித்துக் கலையும் நால்வர். எங்களில் ஒருவர் இம்மண்ணிலேயே பிறந்த மூன்றாம் தலைமுறைக்காரர். மற்ற மூவரும் தொண்ணூறுகளில் கணினி வேலைக்கென்று வந்து, குடியுரிமை பெற்று, அடுக்குமாடி வீடு வாங்கி, பிள்ளைகளை இங்கே படிக்கவைத்தவர்கள். வந்த நண்பர்களுக்கு வானுயர்ந்த கட்டடங்களிலும் கடலோரப் பூங்காக்களிலும் நாட்டமில்லை. "தேக்காவைக் காட்டுங்கள், போதும்" என்றார்கள். அவர்களுக்கு ஒழிந்திருந்த நாளோ ஞாயிற்றுக்கிழமை.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஞாயிறு மாலையில் தேக்காவுக்குப் போவதில்லை என்பது எங்கள் வீடுகளில் எழுதப்படாத விதி. வாழையிலை, முருங்கைக்கீரை, மல்லிகைச் சரம், மில்லில் அரைத்த மிளகாய்த்தூள் என்று எது வேண்டியிருந்தாலும் சனிக்கிழமை காலையிலேயே வாங்கி முடித்துவிடுவோம். பிள்ளைகள் காரணம் கேட்டால் "கூட்டம்" என்போம். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எதையெல்லாம் ஒளித்துவைத்திருக்கிறோம் என்று அதுவரை நாங்கள் யோசித்ததில்லை.

விருந்தினர்முன் வெறுங்கையோடு நிற்கக் கூடாதல்லவா? முந்தின இரவே புத்தக அலமாரிகளைக் கிளறிக் குறிப்புகள் எடுத்துக்கொண்டோம். கோயில்கள் ஒருவருக்கு, தெருப்பெயர்கள் ஒருவருக்கு, கட்டடங்கள் ஒருவருக்கு, சாப்பாடு ஒருவருக்கு என்று பங்கும் பிரித்துக்கொண்டோம். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க ஆள் வைப்பதைப் போன்ற ஏற்பாடு.

*

பயணம் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் தொடங்கியது. 2003இல் வடகிழக்குப் பாதை திறக்கப்பட்டபோது இந்நிலையமும் திறக்கப்பட்டது. பெயர்ப் பலகையிலும் அதே பெயர். வந்தவர்களில் ஒருவர் பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கள் எல்லாரும் தேக்கா என்கிறீர்கள். இங்கே அப்படி எழுதியில்லையே?" என்றார். நல்ல கேள்வி. சிராங்கூன் சாலையின் இந்த முனைக்குத் தமிழர் வாயில் வழங்கும் பெயர் தேக்காதான். அது தமிழ்ச் சொல் அன்று, ஹொக்கியன் சீனம். சிறு மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள். ஒரு காலத்தில் இங்கே ஓடைக்கரையில் மூங்கில் வளர்ந்திருந்தது. சீனர் வைத்த பெயரைத் தமிழர் எடுத்துக்கொண்டு தம் ஊராக்கிக்கொண்டனர். 'லிட்டில் இந்தியா' என்பது 1980களில் சுற்றுலாத் துறையினர் பரப்பிய பெயர். எங்கள் நண்பரின் பாட்டி சாகும்வரை அந்தப் பெயரைச் சொன்னதே இல்லையாம்.

பெயரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. சாலையின் மறுபுறத்திலிருந்த பழைய சந்தைக்குப் பதிலாக 1982இல் இப்போதுள்ள சந்தைக் கட்டடம் எழுந்தபோது அதற்கு மாண்டரின் உச்சரிப்பில் 'ஜூஜியாவ்' என்று பெயரிட்டனர். மூங்கில் அடிவாரம் என்ற அதே சொல்தான். எழுத்து ஒன்று, ஒலி வேறு. அதை எவரும் வாயில் ஏற்றுக்கொள்ளவில்லை. கறி வாங்கப் போனவரும் மீன் விற்றவரும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தனர். பதினெட்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்து, 2000இல் அரசே அதைத் 'தேக்கா நிலையம்' என்று மாற்றியது. ஆக, அங்கீகாரம் எப்போதும் மேலிருந்து கீழே மட்டுமே வருவதில்லை. கீழிருப்பவர்கள் பிடிவாதமாக ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தால் பலகையும் ஒருநாள் பணிந்துவிடும்.

அங்கிருந்து பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு. இரண்டுக்கும் பொருள் எருமைதான். ஒன்று ஆங்கிலம், ஒன்று மலாய். சற்றுத் தள்ளி லெம்பு ரோடு. லெம்பு என்றால் மாடு. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம், நீரும் புல்லும் குறைவில்லாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வணிகம் இங்கே வேரூன்றியதற்கு அதுவே காரணம். கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் பெலிலியோஸ் இங்கே மாட்டு வணிகம் நடத்தினார். அவர் பெயரில் ஒரு சாலை இன்றும் உண்டு. மாடு இருந்ததால் மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் வண்டியோட்டவும் தெரிந்த தமிழரும் வடவரும் வந்தனர். அருகில் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அக்காலத் தமிழர் சொன்ன பெயர் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில். மலாயின் 'கம்போங்' தமிழில் கம்பமாகி, அம்மனும் அந்த ஊர்க்காரியாகிவிட்டாள்.

இவற்றையெல்லாம் நாங்கள் முறை வைத்துச் சொல்லிக்கொண்டு போனோம். ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் 1978இல் தேசிய நினைவுச் சின்னமானது. தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படுவது அங்கிருந்துதான். டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசல். கெர்பாவ் ரோட்டில் 1900இல் டான் டெங் நியா என்ற சீன வணிகர் கட்டிய வீடு. மிட்டாய் ஆலை வைத்திருந்தவர். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் 1927இல் தோன்றிய புத்தர் கோயில். "லிட்டில் இந்தியா என்கிறீர்கள், பாதிக்கு மேல் மற்றவர்கள் கட்டியதாக இருக்கிறதே" என்று நண்பர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

*

கட்டடங்களுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் கேம்பல் லேன் அருகே நின்று தம் பங்கைத் தொடங்கினார். 1989ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தது. நகர மறுசீரமைப்பு ஆணையம் தெரிந்தெடுத்த பத்துப் பகுதிகள் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாயின. சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகியவற்றோடு லிட்டில் இந்தியாவும் அவற்றுள் ஒன்று. அன்றுமுதல் இங்குள்ள பழைய கடைவீடுகளை எவரும் நினைத்தபடி இடிக்க முடியாது. கூடியவரை தக்கவைக்க வேண்டும், பழைய நிலைக்கு நுட்பமாக மீட்க வேண்டும், கவனமாகப் பழுதுபார்க்க வேண்டும் என்பவை மூன்று நெறிகள். ஓட்டுக்கூரை, மரச் சாளரங்கள், சுதை வேலைப்பாடு, தூண்கள், தூண்களுக்குப் பின்னே ஓடும் ஐந்தடி வழி யாவும் அந்த நெறிக்குள் அடங்கும்.

ஐந்தடி வழியைப் பற்றி அவர் சற்று விரித்தே சொன்னார். 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்கு அளித்த அறிவுரைகளில், தெருவின் இருபுறமும் வீடுகளுக்குமுன் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக அமைய வேண்டும், அது எப்போதும் யாவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று வகுத்திருந்தார். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வழிப்போக்கனுக்கு உரிமையுள்ள இடம். வீட்டுக்காரரின் நிலம்தான், ஆனால் பொதுமக்களின் நிழல். நம்மூர்த் திண்ணையைப் போல என்றார் விருந்தினர். ஆமாம், திண்ணையைப் போலத்தான் என்றோம்.

அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு கடைவீட்டின் ஐந்தடிக்குள் ஆறு பேராக நுழைந்தோம். அங்கே ஒரு தூணோரம் செய்தித்தாளை விரித்து மூன்று இளைஞர்கள் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கையில் குறிப்புத்தாள். ஒருவர் கழுத்தில் புகைப்படக் கருவி. இன்னொருவர் தூணின் சுதை வேலையைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மூவரும் சட்டென்று எழுந்தார்கள். பொட்டலத்தை மடித்து, செய்தித்தாளைச் சுருட்டி, "சாரி சார்" என்று சொல்லி வெயிலில் இறங்கி நின்றார்கள்.

யாவருக்கும் எப்போதும் திறந்த வழி என்று நாங்கள் சொல்லி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

*

"உக்காருங்க தம்பி, நாங்க சும்மா பார்க்க வந்தோம்" என்று அவர்களை மறுபடி நிழலுக்குள் அழைப்பதற்குள் எங்களுக்கு வேர்த்துவிட்டது. எங்களை ஏதோ அதிகாரிகள் என்று எண்ணிவிட்டார்களாம். அறந்தாங்கிப் பக்கத்துப் பிள்ளைகள். கட்டுமானத் துறையில் வேலை. விருந்தினர் பேச்சுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கே வேண்டுமானாலும் போகலாமே, இந்த இடம் ஏன் என்று கேட்டார்.

மூவரில் மூத்தவர் சொன்ன பதில் இது: "இது எங்க ஊர்த் தூணுங்க. எங்க ஊர்க்காரங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மேல இங்கதான் நிப்போம். ஊர்லேர்ந்து புதுசா ஒருத்தன் வந்தாலும் போன் நம்பர் வேணாம், இந்தத் தூணச் சொன்னாப் போதும், வந்து சேந்துருவான். அந்த முக்குல பட்டுக்கோட்டைக்காரங்க நிப்பாங்க. எதுத்தாப்ல இருக்கறது சிவகங்கை."

அவர் கைநீட்டிய திசையில் பார்த்தோம். நாங்கள் கூட்டம் என்று ஒற்றைச் சொல்லில் சுருட்டி வைத்திருந்தது ஒரு வரைபடமாக விரிந்தது. இந்தத் தூண் ஓர் ஊர்; அந்தக் கடைவாசல் ஓர் ஊர்; அந்த மின்கம்பம் ஒரு வட்டம். லெம்பு ரோட்டுத் திடல் பக்கம் போனால் வங்காளதேசத்து ஊர்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் கடன் அடைந்தது, யாருக்கு இன்னும் சம்பளம் வரவில்லை, யாருடைய அப்பா தவறிப்போனார் என்பதெல்லாம் இங்கே கைமாறுகின்றன. ஊருக்குப் போகிறவன் கையில் கொடுத்தனுப்ப வேண்டிய சாமான் இங்கே வந்து சேர்கிறது. வாரம் ஆறு நாள் லாரியின் பின்புறத்தில் ஏறி வேலைத்தளத்துக்கும் விடுதிக்கும் போய்வருகிறவர்களுக்கு, ஏழாம் நாள் சில மணி நேரம் மட்டும் எழுந்து மறையும் ஊர்கள் இவை.

எங்கள் குறிப்புத்தாளில் இந்த ஊர்கள் எவையும் இல்லை. தூண் இருந்தது, அதன் காலம் இருந்தது, சுதை வேலைப்பாட்டின் பாணி இருந்தது.

விருந்தினர்களில் மூத்தவர் எங்கள் பக்கம் திரும்பி, "நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருவதுண்டா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

*

அன்றிரவு பிரியும்போதும் அதற்குப் பின் வந்த நாட்களிலும் எங்களுக்குள் இதே பேச்சு. அரசு ஒரு குடியேறிகளின் வட்டாரத்தைப் பண்பாட்டு வட்டாரம் என்று அங்கீகரிக்கும்போது எதை அங்கீகரிக்கிறது? எங்கள் யோசனையில் பட்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், அங்கீகாரத்தின் நன்மையைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்டதனம். அது கிடைக்காத இடங்கள் என்னவாயின என்று பார்த்தால் போதும். மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் பெட்டியடி போட்டு வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் நிதிமையக் கட்டடங்களுக்கு வழிவிட்டு 1989க்கு முன்பே மறைந்தன. செம்பவாங் கடற்படைத் தளத்திலும் தஞ்சோங் பகார் துறைமுகத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர், மலையாளிகளின் குடியிருப்புகள் இன்று முதியவர்களின் பேச்சில் மட்டுமே உள்ளன. அந்த அரசிதழ் அறிவிப்பு இல்லாவிட்டால் டன்லப் ஸ்திரீட்டும் கேம்பல் லேனும் அவற்றோடு போய்ச் சேர்ந்திருக்கும். எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு தெருவாவது மிஞ்சியிருப்பது அதனால்தான்.

ஆனால் 1989க்கு இன்னொரு முகமும் உண்டு. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்று உச்சவரம்பு விதித்த கொள்கை. இனவாரியாகக் குடியிருப்புகள் பிரிந்து இறுகிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். 1964இன் இனக்கலவரங்களைக் கண்ட நாட்டுக்கு அந்த அச்சம் நியாயமானதே. நாங்களும் அந்தக் கொள்கையின் பயனாளிகள். எங்கள் தளத்தில் சீனரும் மலாய்க்காரரும் அண்டைவீட்டார். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. மார்ச்சில் ஓரினத்தவர் ஓரிடத்தில் திரண்டு குடியிருக்க வரம்பு வந்தது. ஜூலையில் ஓரினத்தின் பெயர் சொல்லும் ஓரிடம் காக்கப்பட வேண்டியதாயிற்று. அதாவது வாழுமிடமாக இருந்த தேக்கா, போய்வருமிடமாக உறுதிப்பட்டது. நாங்கள் சனிக்கிழமை காலை போய் மளிகை வாங்கித் திரும்புவது அந்த ஏற்பாட்டின் சிறு துணுக்கு.

இன்னொன்று வாடகை. 1947இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குப் பல குடும்பங்களையும் சிறு தொழில்களையும் தாங்கி நிறுத்தியது. அதே சட்டம் வீட்டுக்காரர் கட்டடத்தைப் பழுதுபார்க்காமல் விடவும் காரணமாயிற்று. பாதுகாப்புத் திட்டம் வந்த பகுதிகளில் அக்கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 2001இல் சட்டமே நீக்கப்பட்டது. சுவர் பிழைத்தது, சுவருக்குள் இருந்தவர் சந்தை விலைக்கு நிற்க வேண்டியதாயிற்று. கிளி ஜோசியர், பித்தளைப் பாத்திரக்காரர், மசாலா அரைத்துக் கொடுக்கும் மில்காரர் என ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்ததை நாங்களே இந்த முப்பது ஆண்டுகளில் கண்டோம். இது சிங்கப்பூரின் தனிக்குறை அன்று. மலேசியாவில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின் பினாங்கின் ஜார்ஜ் டவுனிலும் பழைய குடும்பங்கள் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தபோது அவர்களில் பலர் அங்கே இல்லை. அரசிதழ் கட்டடத்தைப் பெயர் சொல்லிக் காக்கும். அதில் பூக்கட்டுகிறவரைப் பெயர் சொல்லிக் காக்க அதற்கு மொழி கிடையாது.

*

மூன்றாவது விஷயத்தைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் ரோட்டில், தமிழகத்திலிருந்து வந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளர் ஒருவர், தொழிலாளர்களை விடுதிகளுக்கு ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. ஏறத்தாழ முந்நூறு பேர் ஈடுபட்டனர், வாகனங்கள் எரிந்தன, காவலர்கள் காயமுற்றனர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாடு அப்படியொன்றைக் கண்டதில்லை. மறுநாள் அலுவலகத்தில் மற்ற இனத்து நண்பர்கள் அக்கறையோடு விசாரித்தபோது எங்கள் வாயிலிருந்து முதலில் வந்த பதில் என்ன தெரியுமா? "அவர்கள் வேறு, நாங்கள் வேறு." எவரும் எங்களைக் குற்றம் சாட்டவில்லை. நாங்களாகவே முந்திக்கொண்டு விலகி நின்றோம்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் லிட்டில் இந்தியா மதுக்கட்டுப்பாட்டு வட்டாரமாயிற்று. சனி காலை ஏழு மணி முதல் திங்கள் காலை ஏழு மணிவரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. அதே ஆண்டு மே 7ஆம் நாள் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. பழைய படிக்கிணறுகளை நினைவூட்டும் அழகிய கட்டடம்; உள்ளே அரிய பொருட்கள். நாங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்துப் பெருமிதம் அடைந்தோம். ஐந்து வார இடைவெளியில் ஒரே வட்டாரத்துக்கு வந்த இரண்டு அங்கீகாரங்கள் அவை. ஒன்று, உங்கள் முன்னோர் கொண்டாடத் தக்கவர் என்றது. இன்னொன்று, இங்கே இப்போது வருகிறவர் கண்காணிக்கத் தக்கவர் என்றது. குடித்துவிட்டுப் படிக்கட்டில் விழுந்து கிடந்தவர்களால் அங்கே குடியிருந்தோர் பட்ட தொல்லையும் பொய்யன்று, அதை மறைக்கவில்லை. ஆனால் சூளையில் செங்கல் அறுத்த, சுண்ணாம்பு சுட்ட, மாடு மேய்த்த அன்றைய கூலிகள்தாம் கண்ணாடிப் பேழைக்குள் முன்னோர் ஆனார்கள். இன்று சாரத்தில் ஏறி நின்று சுவர் எழுப்புகிறவர், நூறாண்டு கழித்து யாருடைய பேழையில் வைக்கப்படுவார்?

2020இல் தொற்றுக் காலம் அதற்கு ஒரு விடை சொன்னது. அவ்வாண்டு சிங்கப்பூரில் நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள். விடுதிக் கதவுகள் மூடப்பட்டன. எங்களுக்கு வெளியே செல்ல அனுமதி வந்தபின்னும் அவர்களுக்கு வரவில்லை. 2021 செப்டம்பரில்தான் சிறு குழுவினரைச் சில மணி நேரம் லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துவரும் முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் ஒருமுறை ஞாயிறு மாலை நாங்கள் தேக்கா போயிருந்தோம். கூட்டம் இல்லை என்பதால் போனோம். கடைவீடுகள் இருந்தன. மரச் சாளரங்களில் வண்ணம் பளபளத்தது. கோயில் மணி ஒலித்தது. அரசிதழ் காக்கச் சொன்ன யாவும் குறைவின்றி இருந்தன. காய்கறிக் கடைக்காரர் ஒருவர் கல்லாவில் கையூன்றிச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஞாயித்துக்கிழமை வியாபாரம்தான்யா எங்களுக்கு வாடகை" என்றார். அப்போது அதை ஒரு வணிகரின் புலம்பலாகக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம். அந்த வட்டாரத்தின் மரபைத் தூக்கி நிறுத்துவது யார் என்பதற்கான கணக்கு அது என்று இப்போது புரிகிறது.

*

தமிழில் ஒரு வசதியுண்டு. முன்னிலையில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ள 'நாம்'. அவரை வெளியே நிறுத்த 'நாங்கள்'. இந்தக் கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து படித்துப் பார்த்தபோது, முழுவதும் நாங்கள் என்றே எழுதியிருக்கிறோம் என்பதை எங்களில் ஒருவர் சுட்டிக்காட்டினார். திருத்திவிடலாமா என்று பேசினோம். வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமைவரை எங்கள் நிலை அதுதான். சொல்லை மட்டும் மாற்றி எழுதுவது, வீட்டைப் பழுதுபார்க்காமல் முகப்புக்கு வண்ணமடிப்பதைப் போன்றது.

செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்திருக்கிறோம். மாதக் கூட்டத்தைச் சனிக்கிழமையிலிருந்து ஞாயிறு மாலைக்கு மாற்றிக்கொண்டோம். தேக்கா நிலையத்தின் சாப்பாட்டுக் கடைகளில் அந்நேரம் தனி மேசை கிடைக்காது. யாரேனும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசையில், "தம்பி, இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டு உட்கார வேண்டும். முதல் வாரம் எங்களுக்கும் கூச்சம், அவர்களுக்கும் கூச்சம். இரண்டாம் மாதம், எதிரே இருந்த ஒரு பையன் மேசைமேல் இருந்த சிறுகதைத் தொகுதியை எடுத்துப் புரட்டிவிட்டு, "இத அடுத்த ஞாயித்துக்கெழமை திருப்பித் தரலாமா சார்?" என்றான். எங்கே வந்து வாங்கிக்கொள்வது என்று கேட்டோம். அவன் சொன்ன தூண் எதுவென்று எங்களுக்கு இப்போது தெரியும்.